சாமி வந்த நாளின் சர்க்கரை அளவு

நாற்பத்திரண்டு வயதில் பரீட்சை எழுதும் புத்தி எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. கையுறைத் தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டு ஆம்புலன்ஸ் பயிற்சியில் சேர்ந்தேன். பாடக் குறிப்பு ஆங்கிலத்தில், பரீட்சை மலாய் மொழியில், நான் யோசிப்பது தமிழில். இரண்டு முறை கோட்டை விட்டாயிற்று. மூன்றாவது முறையும் போனால் நடையைக் கட்ட வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டார்கள்.

என்னைப் படுத்தியது அந்தக் கட்டங்கள்தான். ஒவ்வோர் அவசரத்துக்கும் ஒரு தாள். தாள் முழுக்கக் கட்டமும் அம்புக்குறியும். மூச்சு இருக்கிறதா? ஆம் என்றால் இப்படிப் போ, இல்லை என்றால் அப்படிப் போ. நினைவு பிசகியவருக்கான தாள் மட்டும் எனக்குப் பிடிபடவே இல்லை. நாக்குக் குழறல், வேர்வை, கை நடுக்கம், ஆளே மாறியதுபோல் நடப்பது. இதெல்லாம் இருந்தால் முதலில் விரலில் குத்தி சர்க்கரை பார்க்க வேண்டும். ஆளே மாறியதுபோல் என்றால் என்ன கணக்கு? எங்கள் வீட்டில் பாதிப் பேர் சாதாரண நாளிலேயே அப்படித்தான். பாத்திரம் கழுவும்போதும் ஒப்பித்துக்கொண்டே இருந்தேன். "அம்மா, போதும்லா, எனக்கே மனப்பாடம் ஆயிருச்சு!" என்று மகள் தலையில் அடித்துக்கொண்டாள்.

பரீட்சைக்கு ஒரு வாரம் இருக்கையில் கோல சிலாங்கூர் பக்கம் நான் பிறந்த செம்பனைத் தோட்டத்தில் முனியாண்டி கோயில் திருவிழா வந்தது. முதலுதவிக்கு எங்கள் வண்டியைத்தான் அனுப்பினார்கள். என்னோடு வந்த மலாய்க்காரத் தம்பி பழைய கை. தோட்டத்தில் வளர்ந்ததால் தமிழும் பேசுவார்.

அந்தக் கோயிலில் முப்பது வருடமாக என் சித்தப்பாவுக்குத்தான் சாமி வரும். அவருக்கு இனிப்பு நீர் வியாதி. ஆனாலும் திருவிழா அன்று வாக்குச் சொல்லி முடிக்கும்வரை பச்சைத் தண்ணீர் பல்லில் படாது.

மதியம் பூசை முடிந்து உறுமி அடித்ததும் சாமி இறங்கியது. சனம் வரிசையில் நின்று வாக்குக் கேட்டது. நானும் நின்றேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், சீருடையோடு நின்றேன்.

"சாமி, நான் பாஸாவேனா?"

சித்தப்பா முகமெல்லாம் வேர்த்துக் கொட்டியது. திருநீறு எடுத்த கை நடுங்கியது. "பா... பாஸ் பண்ணுவே... போ," என்று நாக்குக் குழறியது. எனக்குப் புல்லரித்துப்போயிற்று. இந்த வருடம் சாமி கடுமையாக இறங்கியிருக்கிறது என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு நகர்ந்தேன்.

எனக்குப் பின்னால் இரண்டு பேர்தான் கேட்டிருப்பார்கள். சித்தப்பா அப்படியே சரிந்து விழுந்தார்.

"யாரும் தொடாதீங்க, சாமி மலையேறுது!" என்று யாரோ கத்த, கூட்டம் கையெடுத்துக் கும்பிட்டது. நானும் கும்பிட்டேன். தம்பி பையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்.

"அக்கா, இது சாமியா, சீக்கா? ஒங்களுக்குத்தானே தெரியும்!"

எனக்கு என்ன தெரியும்? ஒரு வருடம் படித்த அத்தனை கட்டமும் எங்கே போய்த் தொலைந்ததோ. அந்த விரலில் குத்தினால் தெய்வக் குற்றமா, குத்தாவிட்டால் கொலைக் குற்றமா என்று மரமாக நின்றேன். தம்பி காத்திருக்கவில்லை, குத்திவிட்டார். எங்கள் நாட்டுக் கணக்கில் சர்க்கரை நான்குக்குக் கீழே போனாலே ஆபத்து. கருவி காட்டியது ஒன்று புள்ளி ஆறு.

சித்தி பானக்கச் சொம்போடு ஓடிவந்து சித்தப்பாவின் வாயில் சாய்க்கப் போனார். அப்போதுதான் எனக்கு உயிர் வந்தது.

"ஊத்தாதீங்க சித்தி! நெனவு இல்லாதவருக்கு நுரையீரலுக்குள்ள போயிரும்! காலையில இன்சுலின் ஊசி போட்டாரா?"

"போட்டாருலா. ஊசி என்ன சாப்பாடா, வெரதம் கெட்டுப்போக?"

வெறும் வயிற்றில் ஊசி. பாவி மனுஷன்! தம்பி நரம்பில் சர்க்கரை ஏற்ற, நான் கையைப் பிடித்துக்கொண்டேன். அழுகை பொத்துக்கொண்டு வந்தது. என் சித்தப்பா என் கண் முன்னால் செத்துக்கொண்டிருந்தார். நான் அவரிடம் பரீட்சை முடிவு கேட்டுக்கொண்டிருந்தேன்.

சில நிமிடத்தில் கண் திறந்தார். பெயர் கேட்டேன், சொன்னார். இடம் கேட்டேன், சொன்னார். பிறகு சுற்றி நின்ற கூட்டத்தையும் கையில் இருந்த குழாயையும் பார்த்து மிரண்டு, என் காதருகே கேட்டார்.

"ஏம்மா, சாமி வந்துச்சா?"

இதற்கு எந்தத் தாளிலும் கட்டம் இல்லை. வரவில்லை என்றால் மனிதர் உடைந்துபோவார். வந்தது என்றால் அடுத்த வருடமும் இதே கூத்து, அப்போது நாங்கள் பக்கத்தில் இருப்போமோ என்னவோ. எது உண்மை என்று எனக்கே தெரியாது. அடுத்த வாரம் நான் பாஸாகித் தொலைத்தேன், அதில் குழப்பம் இன்னும் கூடியதுதான் மிச்சம்.

"வந்துச்சு சித்தப்பா," என்றேன். "இனிமே சாப்பிட்டுட்டுதான் ஊசி போடணும்னு உத்தரவு போட்டுட்டு மலையேறிருச்சு."

டாக்டர் வருடக்கணக்காகச் சொல்லியும் கேட்காத மனிதர், குழாய் தொங்கத் தொங்க இரண்டு கையையும் தூக்கினார்.

"உத்தரவு சாமி," என்று என்னைப் பார்த்துக் கும்பிட்டார்.