மேட்டுத் தெருவுக்கு ஏறிய தண்ணீர்

மேட்டுத் தெருவில் அவளை எல்லோரும் "குழாய் அக்கா" என்றுதான் கூப்பிடுவார்கள். வீட்டுக்கு வீடு தண்ணீர் கொடுக்கும் திட்டத்தில் குழாய் பொருத்துவது அவள் வேலை.

குழாய் தெருமுனையைத் தொட்ட சமயத்தில் தொற்றுநோய் உலகத்தையே முடக்கிப் போட்டது. வேலையாட்கள் ஊர் திரும்பினார்கள். அதிகாரிகளின் கவனமெல்லாம் ஆஸ்பத்திரிகள் பக்கம் போனது. அதைக் குறை சொல்லவும் முடியாது. பாதி வெட்டிய பள்ளத்தின் ஓரத்தில் குழாய்கள் வெயில் காய்ந்தன. "அடிக்கடி கை கழுவுங்கள்" என்று ஒலிபெருக்கி வண்டி தினமும் சொல்லிவிட்டுப் போகும். கழுவத் தண்ணீர் வேண்டுமானால் லாரிக்கு முன்னால் முண்டியடிக்க வேண்டும். அந்தக் கூட்டத்தில் நின்ற குழாய் அக்காவின் நாத்தனாருக்கு நோய் தொற்றியது. அவள் பிழைத்து வந்தாள். குழாய் அக்காவுக்குத்தான் மனம் ஆறவில்லை. திட்டப் பொறியாளருக்குப் போன் போட்டாள்.

"சார், பைப்பும் இங்க கிடக்கு, நானும் இங்கதான் இருக்கேன். மிச்சத்த நாங்களே போட்டுக்கிறோம். அனுமதி மட்டும் வாங்கிக் குடுங்க."

"ஆள் கூட்டக் கூடாதும்மா. பள்ளம் யாரு வெட்டுவா?"

"அவங்கவங்க வாசல அவங்கவங்க வெட்டட்டும் சார். கூட்டமே சேராது."

"நல்லா இருக்கே! கேட்டுப் பாக்கறேன்."

சுகாதார நிலைய நர்ஸும் பரிந்து பேசியதில் அனுமதி கிடைத்தது. ஆழம், சரிவு எல்லாவற்றையும் பொறியாளர் வீடியோவில் பார்த்துச் சொல்ல, தெருவே மண்வெட்டி பிடித்தது.

தையல்காரரான அவள் கணவர், "ஊசி பிடிச்ச கை இது" என்று முனகினார்.

"அப்ப பள்ளம் நேரா வரும், வெட்டுங்க" என்றாள்.

சோதனைக்குத் தண்ணீர் திறந்தபோது ஓர் இணைப்பு பீய்ச்சியடித்தது. அவளே போட்ட இணைப்பு. தொப்பலாக நனைந்தவள், அதை அறுத்தெடுத்து மறுபடி போட்டாள். எதிர்வீட்டுக்காரி, "அக்கா குளிச்சாச்சு, இனிமே நம்ம முறை!" என்று கத்த, தெருவே சிரித்தது. அன்று சாயங்காலமே வாசல்தோறும் தண்ணீர் கொட்டியது.

பக்கத்து மேடுகளில் வேலை வெகுகாலம் நின்றே கிடந்தது. பல வருஷத்து முன்னேற்றத்தை அந்த நோய் பின்னுக்கு இழுத்துவிட்டிருந்தது. திட்டம் மீண்டும் தொடங்கியபோது பொறியாளர் அவளை மேற்பார்வைக்கு அழைத்தார். அவள் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்.

"தெருவுக்கு ரெண்டு பேராவது இணைப்புப் போடக் கத்துக்கணும் சார். நாளைக்கே வேற நோய் வந்து ஊரடங்கினாலும் வேலை நிக்கக் கூடாது."

அவர் ஒத்துக்கொண்டார். இப்போது அடுத்த மேட்டில் பாதித் தெருவுக்குக் குழாய் போட்டு முடிந்துவிட்டது.