மட்டி எடுத்த கரை

கல்யாணம் முடிந்த புதிதில் நானும் மனைவியும் மட்டி எடுக்கப் போவோம். இலுப்பைக்கடவையில் எங்கள் பனங்காணி முடிகிற இடத்தில், ஆறு கடலில் சேரும் கரை அது. தண்ணீர் வற்றும் நேரம் சேற்றில் இறங்கிக் கால் பெருவிரலால் தடவினால் ஓடு தட்டுப்படும். நான் ஒவ்வொன்றாக எண்ணிப் பைக்குள் போடுவேன். அவள் மடியில் சேர்த்ததை ஒரேயடியாகக் கொட்டி என் கணக்கைக் குழப்புவாள். "எண்ணினாக் கறி கூடுமோ?" என்பாள். அந்தச் சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

பிறகு போர், தமிழ்நாட்டு முகாம். திரும்பி வந்தபோது கரையில் ஒரு பலகை நின்றது: இங்கு மட்டி, நண்டு எடுத்து உண்ண வேண்டாம். நாங்கள் இல்லாத காலத்தில் யாரோ செம்புக் கம்பிக்காகப் பழைய ட்ரான்ஸ்போமர்களை உடைத்து, உள்ளிருந்த எண்ணெயை அங்கேயே ஊற்றிவிட்டார்கள். அது ஆற்றோடு போகிற எண்ணெய் அல்ல. சேற்றில் ஒட்டிக் கிடந்து மட்டியின் சதையில் ஏறுகிற நஞ்சு.

போன வருடம் கந்தோரிலிருந்து அரச அலுவலர் ஒருவர் வந்தார். பெக்கோ இயந்திரம் இறக்கிச் சேறு முழுவதையும் அள்ளப் போகிறார்களாம். எங்கள் காணிதான் வழி. என் சம்மதக் கையெழுத்து வேண்டும். எனக்கு வயது எழுபத்தெட்டு, அவளுக்கு எழுபத்திரண்டு. அள்ளி முடித்தால் இன்னும் எத்தனை பருவம் மட்டி சாப்பிடக் கிடைக்கும் என்று விரல்விட்டு எண்ணத் தொடங்கினேன்.

அந்தச் சேற்றை ஆராய்கிற பல்கலைக்கழகப் பிள்ளை ஒருத்தி இடையிடையே வருவாள். அவளிடமும் கேட்டு வைத்தேன்.

"அள்ள வேண்டாம் ஐயா. சேத்துக்குள்ள இருக்கிற கிருமியள் அந்த எண்ணெயை உடைச்சுக்கொண்டுதான் இருக்குதுகள். அடியில காத்துப் படாமல் வாழுறதுகள் எண்ணெயில இருக்கிற குளோரினைக் கழட்டுதுகள். மிச்சத்தை மேல்சேத்தில இருக்கிறதுகள் தின்னும். கிண்டினா நஞ்சு கலங்கிக் கடலுக்குப் போயிடும்."

"எவ்வளவு காலம் எடுக்கும் பிள்ளை?"

"சரியாச் சொல்லேலாது ஐயா. உங்கட காலத்தில..." அவள் நிறுத்திக்கொண்டாள்.

"ஓம், விளங்குது," என்றேன். நான் கணக்குப் படிப்பித்தவன்.

இரவு சோறு இறங்கவில்லை.

"என்னப்பா, கிருமியள் சாப்பிடுதுகள், நீங்கள் சாப்பிடேல்லையோ?" என்றாள், பிள்ளை பேசியதைக் கேட்டிருந்த மனைவி.

"அள்ள விட்டால் நீ திரும்பவும் மட்டி தின்னலாம்."

"எங்க எடுத்து? அள்ளினாப் பிறகு அங்க பள்ளந்தானே கிடக்கும். நான் கேக்கிறது அந்தக் கரையை." சோற்றுக் கோப்பையை என் பக்கம் தள்ளினாள். "எனக்குக் கிடைக்காட்டிப் பரவாயில்லை. அது அங்கேயே கிடந்து சுகப்படட்டும்."

அவள் சொன்ன பிறகுதான் ஒன்று தெரிந்தது: எனக்கும் மட்டியைவிட அந்தக் கரைதான் வேண்டியிருந்தது.

காலையில் கந்தோர்க்காரர் கையெழுத்து வாங்கத் திரும்ப வந்தார். பிள்ளை சொன்னதைச் சொல்லி, வழி தரமுடியாது என்றேன். அவர் தலையைச் சொறிந்தார்.

"உங்களுக்குத் திரும்ப மட்டி தின்ன ஆசையில்லையோ ஐயா?"

"இருக்குது தம்பி," என்று சொல்லிப் படலையைச் சாத்தினேன்.