லைட்டுக்கு இல்லை, ஸ்டியரிங்குக்கு உண்டு

ஆடிக் கிருத்திகை நெருங்கினால் திருத்தணியில் எந்த டாக்ஸியும் சும்மா நிற்காது. அந்த நேரத்தில்தான் ஜெயமேரியின் கார் எங்கள் சர்வீஸ் சென்டருக்கு இழுத்துவரப்பட்டது. மலைப்பாதையில் பக்தர்களோடு ஏறும்போது ஸ்டியரிங் இறுகிவிட்டது. எப்படியோ சமாளித்து ஓரங்கட்டியிருக்கிறார்.

நான் அங்கே வாரண்டி பார்த்துக்கொண்டிருந்தேன். ஜெயமேரி அரக்கோணத்துக்காரர். ஸ்டேஷனில் இறங்கும் பக்தர்களை மலைக்கு ஏற்றிவருவதுதான் தொழில். காருக்கு ஒரு வயதுகூட ஆகவில்லை.

பானெட்டைத் திறந்தேன். கம்பெனி ஒயரை வெட்டி, வெளியே வாங்கிய இரண்டு பெரிய லைட்டையும் லாரி ஹாரனையும் இணைத்திருந்தார்கள். காருக்குள்ளே ஹெட்லைட் சுவிட்ச் கருகியிருந்தது.

"இதெல்லாம் எங்கம்மா போட்டீங்க?"

"கனகம்மாசத்திரத்துல ஒரு கடைல சார். மலைல வளைவு தெரியணும்ல, அதுக்கு லைட்டு. ஹாரன் சும்மா ஆசைக்கு. இன்னா சார், வாரண்டி மொத்தமும் பூடுச்சா? கிருத்திகைக்கு வண்டி ஓடலன்னா நான் இன்னா பண்ணுவேன்?"

"சுவிட்சுக்குக் கிடைக்காதும்மா. அந்த ஜாயிண்ட்டாலதான் கருகியிருக்கு, நீங்கதான் வாங்கணும். ஸ்டியரிங் வேற. அது எதால போச்சுன்னு பார்த்துட்டுதான் சொல்லுவேன்."

சாவியை என்னிடம் நீட்டினார். "சரி சார், பாருங்க" என்றார்.

வாரண்டி கிளெய்மை முடிவுசெய்யச் சென்னையிலிருந்து வந்த கம்பெனி இன்ஜினியர் ஒயரைப் பார்த்ததும் தலையை ஆட்டினார். "ஸ்டியரிங்கும் கரண்ட்லதான் ஓடுது. ரிஜெக்ட் பண்ணிடலாம் சார்."

"ஓடுதுதான். ரெண்டும் ஒரே லைனான்னு பார்த்துடலாமா?"

நியாயமான மனிதர். உடனே சட்டைக் கையை மடித்துக்கொண்டு குனிந்தார். ஸ்டியரிங்குக்குத் தனி ஃபியூஸ், தனி ஒயர். அதில் யார் கையும் படவில்லை. வெளியே வாங்கிய லைட்டைக் கழற்றினார். ஹாரனைக் கழற்றும்போது ஒயர் எங்கோ உரசி, ஷெட்டே அதிர அலறியது. இன்ஜினியர் தரையில் உட்கார்ந்துவிட்டார். வெயிட்டிங் ஹாலிலிருந்து ஜெயமேரி எட்டிப் பார்த்தார்.

"நல்லா கேக்குதுல்ல சார்?"

எல்லாவற்றையும் கழற்றிய பிறகும் ஸ்டியரிங் இறுகியே இருந்தது. பிரித்துப் பார்த்தோம். உள்ளே சென்சார் பழுது.

"இது எங்க பார்ட்டோட கோளாறுதான்" என்று இன்ஜினியரே சொல்லி, கிளெய்முக்கு அப்ரூவல் கொடுத்தார். கிருத்திகைக்கு முன்பே வண்டி மலையேறியது. சுவிட்சை ஜெயமேரி முணுமுணுக்காமல் வாங்கிக்கொடுத்தார். லைட்டை ஒயர் வெட்டாமல், பேட்டரியிலிருந்து நேராகக் கரண்ட் எடுக்கும் தனி ரிலே வைத்து மாட்டிக்கொடுத்தோம். ஹாரனை மாட்ட நான் சம்மதிக்கவில்லை.

"பரவால்ல சார். ஊட்டு வாசல்ல காலிங் பெல்லா வச்சிக்கிறேன்" என்று எடுத்துப்போனார்.

பிறகு ஸ்டேஷன் டாக்ஸிக்காரர்கள் சிலர் புது வண்டியோடு வந்து நின்றார்கள். "லைட்டு போடணும் சார். உங்களக் கேட்டுட்டு ஒயரத் தொடச் சொல்லுச்சு மேரியக்கா."

இந்த வேலைக்கு வருபவர்களுக்குச் சொல்கிறேன். வெளிச்சாமானைக் கண்டதும் வாரண்டி போச்சு என்று சொல்லிவிடாதீர்கள்; எது எதைக் கெடுத்தது என்று பாருங்கள். கிடைக்காததை முதலிலேயே நேராகச் சொல்லிவிடுங்கள். அப்படிச் சொன்னவர் பிறகு 'பார்த்துச் சொல்கிறேன்' என்றால் ஜனங்கள் நம்பிக் காத்திருப்பார்கள்.