பந்தை விட்டுக் கும்பிட்டவன்

இன்று மெல்பேர்னில் எங்கள் பல்கலைக்கழக அமெரிக்கன் ஃபுட்போல் அணிக்கு என்னைச் சோதித்துப் பார்த்தார்கள். வேலை சுலபம். முன்னால் குனிந்து நிற்கும் மார்க் தன் கால்களுக்கு இடையால் பந்தைத் தருவான், பின்னால் நின்று நான் வாங்க வேண்டும்.

முதல் பந்திலேயே என் கால் அவன் காலில் பட்டுவிட்டது. கை தானாகப் போய் அவன் முதுகைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டது. பந்து புல்லில் கிடந்தது. அதன்மேல் ஐந்து பேர் கிடந்தார்கள்.

இரண்டாவது பந்திலும் அதே கால், அதே கும்பிடு.

பார்க்க வந்த நண்பன் சுகந்தன் கேட்டான்.
"மச்சான், பந்தைப் பிடிக்கச் சொன்னா ஏன்ரா அவனைக் கும்பிடுறாய்?"

பயிற்சியாளர் என்னை வெளியே கூப்பிட்டார். இனி என் வேலை அதுதான் என்று தண்ணீர்ப் போத்தல் பெட்டியைக் காட்டினார்.

கால் பட்டால் நாங்கள் இப்படித்தான் மன்னிப்புக் கேட்போம் என்று சுகந்தன் மார்க்குக்கு விளக்கினான்.

வீட்டுக்குக் கிளம்பும்போது மார்க் தெரியாமல் என் காலை மிதித்துவிட்டான். உடனே நின்று, மிகுந்த பக்தியோடு என் தோளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினான்.

அவன் கையிலிருந்த கோப்பி முழுவதும் இப்போது என் சட்டையில்.

சனிக்கிழமை மேட்ச். அதற்குள் இது மற்றவர்களுக்கும் தொற்றாமல் இருக்க வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.