பாண் வேனில் இரண்டு ஜன்னல்

ஹட்டனில் ஒரு கராஜுக்குப் பின்னால் அந்த வேன் கிடந்தது. ஏதோ ஒரு பேக்கரிக்குப் பாண் ரொட்டி ஏற்றி ஓய்ந்துபோன வண்டி. எஞ்சினில் உயிர் இருந்தது, உடம்புதான் துரு. நான் எங்கள் தோட்டத்து ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், மிஷின்களைப் பழுதுபார்ப்பவன். கராஜ்காரரின் கடைசல் மிஷினை ஞாயிற்றுக்கிழமைகளில் போய்ச் சரிசெய்து கொடுத்தேன். கைம்மாறாக வேனைத் தள்ளிக்கொண்டு போகச் சொன்னார். தள்ளவில்லை, ஓட்டிக்கொண்டே கொட்டகலை வந்து சேர்ந்தேன். வழியெல்லாம் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

வேன் அக்காவுக்காக. ஆறு வருடங்களுக்கு முன் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தபோது மழையில் மண் சரிந்து அவள் இடுப்பு முறிந்தது. கால்கள் இரண்டும் விளங்காமல் போயின. அதிக நேரம் உட்கார்ந்திருந்தால் முதுகு தாங்காது. பஸ்ஸில் ஏற வழியில்லை. பிறர் தூக்குவதும் அவளுக்குப் பிடிக்காது. வரிசை வீடான லயத்தில் எங்களுக்கிருந்த ஒற்றை அறைக் காம்பிராவிலேயே காலம் போனது. கடலைப் பார்க்க வேண்டும் என்று ஒருநாள் பேச்சோடு பேச்சாகச் சொன்னாள். அன்றிலிருந்து எனக்கு வேறு யோசனையே ஓடவில்லை.

ஸ்டோரில் தேயிலைப் பெட்டி அடிக்கும் ஆசாரி என் சிநேகிதர். கழித்துப்போட்ட பெட்டிப் பலகைகளை எடுத்துக்கொள்ள ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கர் அனுமதி தந்தார். வேனை எங்கள் லயத்து வாசலிலேயே நிறுத்தி வேலையைத் தொடங்கினோம். தரைக்கும் சுவருக்கும் பலகை அடித்தோம். கூரை ஒழுகியது. பெட்டிக்குள் ஒட்டும் ஈயத்தாளைப் பலகைக்கு மேல் விரித்துத் தார் பூசியதும் நின்றது. கொழுந்து வாட்டும் தட்டிலிருந்து கழற்றிய சாக்குத் துணியை இரட்டையாக மடித்து அக்காவே தைத்தாள். சட்டத்தில் இழுத்துக் கட்டியதும் அருமையான கட்டிலாகிவிட்டது. அவள் பிடித்து எழுந்து உட்காரப் பழைய மிஷின் பெல்ட்டைக் கூரையிலிருந்து தொங்கவிட்டோம். மாலையில் வேலை விட்டு வருகிறவர்கள் கூடையை இறக்காமலே நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

ஜன்னலில்தான் தகராறு வந்தது. படுத்தபடி பார்க்கத் தோதாகக் கட்டில் உயரத்தில் இரண்டு பக்கமும் வேண்டும் என்றாள் அக்கா. இரண்டு பக்கமும் அறுத்தால் வண்டியின் பலம் போய்விடும் என்று ஆசாரி தயங்கினார்.

"ஒரு பக்கம் போதும் தங்கச்சி. போறப்ப ஒரு பக்கத்தப் பாருங்க. திரும்பி வர்றப்ப மத்தப் பக்கம் தானா தெரியும்."

"திரும்பி வர்ற வரைக்கும் காத்திருக்கணுமாண்ணே? ஆறு வருசம் காத்திருந்தது பத்தாதா?"

ஆசாரி ரம்பத்தை எடுக்கப் போய்விட்டார். நான் இரும்புச் சட்டம் வைத்துப் பலப்படுத்தினேன். இரண்டு ஜன்னலும் வந்தன.

வெள்ளோட்டம் ஹட்டன் வரைக்கும்தான். முதல் கொண்டை ஊசி வளைவிலேயே பின்னால் தடதடவென்று சத்தம். கட்டில் அக்காவோடு சேர்ந்து கதவுவரை சறுக்கியிருந்தது. தண்ணீர்ப் பானை கவிழ்ந்து அவள் தொப்பலாக நனைந்திருந்தாள். நான் பதறி ஓடினால், அவள் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு கண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"கட்டில இறுக்கிக் கட்டுங்க தம்பி. என்னையக் கட்டிப்புடாதீங்க," என்றாள்.

கட்டிலைத் தரையோடு போல்ட் போட்டு முடுக்கினோம். பானைக்கும் மண்ணெண்ணெய் அடுப்புக்கும் விளிம்பு வைத்த பெட்டி அடித்தோம்.

இரண்டு நாள் லீவு வாங்கிக்கொண்டு, ஒரு வெள்ளிக்கிழமை விடிந்ததும் ஆசாரியையும் சேர்த்து மூவரும் கிளம்பினோம். கினிகத்தேனை இறக்கத்தில் அக்கா ஓயாமல் கூப்பிட்டுக்கொண்டே வந்தாள். அருவி என்பாள், ரப்பர் மரம் என்பாள், ஆற்றில் யானை குளிக்கிறது என்பாள். ரோட்டைவிட்டுக் கண்ணை எடுக்க முடியாத நான் அவள் சொல்லித்தான் எல்லாவற்றையும் பார்த்தேன். கீழே இறங்க இறங்க வெக்கை ஏறியது. கம்பளிச் சட்டைகளைக் கழற்றி எறிந்தோம்.

நீர்கொழும்புக் கரையில், பின்கதவு கடலைப் பார்க்கும்படி வேனைத் திருப்பினேன். ஆசை மிகுந்து இன்னும் கொஞ்சம் பின்னால் எடுத்ததில் சக்கரம் மணலில் புதைந்தது. நானும் ஆசாரியும் மண்ணைத் தோண்டிக்கொண்டிருந்தபோது அக்கா கதவைத் திறந்துகொண்டாள். உள்ளே கிடந்த பலகையொன்றைக் கீழே சாய்த்து அதில் சறுக்கி இறங்கி, கைகளை ஊன்றி உட்கார்ந்தபடியே நகர்ந்தாள். நான் எழுந்து ஓடப் பார்த்தேன். ஆசாரி என் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

அலை வந்து அவள் மடிவரை நனைத்தது. பின்வாங்கிய தண்ணீர் அவளைச் சற்று இழுத்துப்போக, மணலில் விரல்களை ஊன்றிச் சமாளித்துக்கொண்டாள். தண்ணீரை அள்ளி வாயில் வைத்துப் பார்த்துத் துப்பினாள். எங்களைத் திரும்பிப் பார்க்கவே இல்லை.

வலை இழுக்க வந்த மீனவர்கள் சக்கரத்தைத் தூக்கிவிட்டு, போகும்போது எங்களுக்கு ஒரு கை மீனும் தந்தார்கள். வேனுக்குள்ளேயே குழம்பு வைத்தோம். ஞாயிறு காலையில் புறப்பட வேண்டும் என்று நான் மெதுவாகச் சொன்னேன். அக்கா ஈரச் சேலையைக் கதவில் காயப்போட்டபடி, இன்னும் ஒருநாள் இருந்தால் என்ன ஆகிவிடும் என்று கேட்டாள். திங்கட்கிழமை நான் வேலைக்குப் போகவில்லை. செவ்வாய்க்கிழமை தோட்டத்தை நடத்தும் துரையிடம் வாங்கிய ஏச்சு கொஞ்சநஞ்சம் இல்லை. தலையைக் குனிந்து நின்றுகொண்டேன், சிரிப்பு வெளியே தெரியக்கூடாதே என்று.