அறுபத்தொரு கிலோ

இதை நம்பச் சொல்லி ஹிபினோ யாரிடமும் கெஞ்சியதில்லை. ஆனால் நடந்தது நடந்ததுதான். 1945 ஜூன் 4 முதல் 6 வரை, சுஸுகா விமானத் தளத்தின் மூன்றாம் கொட்டகையில், பட்டப்பகலில் நடந்தது. பேய் என்றால் இருட்டில்தான் வரும் என்று நினைப்பவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

ஹிபினோ எடைக்காரர். விமான வடிவமைப்புப் பிரிவில் ஒருவர் இறக்கையை வரைவார், ஒருவர் வாலை வரைவார். எல்லோரும் வரைந்ததைக் கூட்டி மொத்தம் எத்தனை கிலோ என்று சொல்வதும், கூடிப்போனால் சண்டை போட்டுக் குறைப்பதும் ஹிபினோவின் வேலை. ஒரு ஆணியின் தலையைச் சீவச் சொல்லி ஒரு வாரம் வாதாடுவார். தொழிலாளிகள் அவருக்கு வைத்த பெயர் 'கிராம் சாமியார்'.

அந்த வருஷம் கடற்படைக்கு எல்லாவற்றிலும் அவசரம். ஜீரோ என்று உலகமே பெயர் சொன்ன அந்தச் சண்டை விமானத்தையே திருத்தி, வயிற்றடியில் கால் டன் குண்டைச் சுமந்துகொண்டு தலைகுப்புறப் பாயும்படி செய்ய வேண்டும் என்றார்கள். பாயும்போது வால் பிய்ந்துபோகாமலிருக்க அதன் தகடுகளைத் தடிமனாக்கினார்கள். குண்டைப் பிடித்துக்கொள்ள வயிற்றில் ஒரு கொக்கி வைத்தார்கள். எடை ஏறிக்கொண்டே போனது. இயந்திரமோ இருக்கிற இயந்திரம்தான். எங்கேயாவது குறைத்தாக வேண்டும் என்றதும் எல்லார் கண்ணும் ஒரே இடத்துக்குப் போனது. விமானியின் முதுகுக்குப் பின்னால் இருக்கும் எஃகுத் தகடு. தலைக்குப் பின்னால் உள்ள தடித்த கண்ணாடியோடு சேர்த்தால் ஏறக்குறைய அறுபது கிலோ.

அந்தத் தகட்டுக்காக ஹிபினோ ஐந்து மாதம் மல்லுக்கட்டினார். அதற்குக் காரணம் லெப்டினன்ட் ஓகிட்சு. தெற்கே கனோயா தளத்தில் சண்டைக்குப் பறப்பவர். புது விமானத்தை முதலில் ஓட்டிப் பார்க்கப் போகிறவரும் அவர்தான். ஜனவரியில், மரத்தில் செய்த மாதிரி விமானத்தைப் பார்க்க வந்திருந்தார். குள்ளம், கட்டான உடம்பு, அதிகம் பேசாத மனிதர். தகட்டு இடத்தை விரலால் தட்டி, "இது மட்டும் இருக்கட்டும், ஹிபினோ-சான். நாங்க பறக்கற பழசுல இது இல்ல. முதுகு எப்பவும் கூசுது" என்றார். ஹிபினோ வாக்குக் கொடுத்தார். நூறு இடத்தில் துளித்துளியாகச் சீவித் தகட்டுக்கு இடம் பண்ணினார். காகிதத்தில் 2151 கிலோ. கிராம் பிசகாது.

ஜூன் 4, திங்கள். காலை மணி 9.40. காற்று பட்டால் முள் ஆடும் என்பதால் கொட்டகைக் கதவுகளை மூடியிருந்தார்கள். சக்கரங்களுக்கு அடியில் ஒவ்வொரு தராசு, வாலுக்கு அடியில் ஒன்று. தலைமை மெக்கானிக் கானியே வயதில் மூத்தவர், வாயும் கொஞ்சம் நீளம். அவர் மூன்று முள்ளையும் படித்துச் சொல்ல, ஹிபினோ கூட்டினார்.

2212.

அறுபத்தொரு கிலோ கூடுதல்.

மறுபடி படிக்கச் சொன்னார். அதே எண். தராசு கெட்டிருக்கும் என்று கானியேயை ஒவ்வொன்றின் மேலும் ஏறச் சொன்னார். மூன்றிலும் ஐம்பத்திரண்டு. "போன வருஷம் அறுபது இருந்தேன். ரேஷன் கிழங்குதான் காரணம், தராசு இல்ல" என்றார் கானியே. எண்ணெய், பெட்ரோல், எல்லாக் குழாய்களையும் வடித்தார்கள். உள்ளே யாராவது கருவிப்பெட்டியை மறந்து வைத்தார்களா என்று விளக்குப் பிடித்துத் தேடினார்கள். ஒரு திருகுகூட இல்லை. மதியம் 1.15க்கு மறுபடி எடை போட்டார்கள்.

2212.

கடற்படையின் மேற்பார்வை அதிகாரி சுகிமோரி வந்து தாளைப் பார்த்தார். கத்தவில்லை. அது இன்னும் எரிச்சலாக இருந்தது. "புதன்கிழமை மதியம் ரெண்டு மணி வரைக்கும் டைம். சரியா வரலன்னா தகட்டைக் கழட்டிடுங்க, ஹிபினோ. கணக்கு நேராயிடும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஹிபினோ அன்று சாப்பிடவில்லை. ஐந்து மாத உழைப்பு. எங்கிருந்து வந்தது இந்தச் சனியன்?

செவ்வாய்க்கிழமை விமானத்தைப் பிரித்துப் போட்டார்கள். இருக்கை, ரேடியோ, துப்பாக்கிகள், கொக்கி என்று ஒவ்வொன்றையும் தனியாக நிறுத்தார்கள். கூட்டினால் 2151. மாலை 4.30க்குள் மறுபடி பூட்டித் தராசில் ஏற்றினார்கள். 2212. தனித்தனியாக இருந்தால் சரி, விமானமாக நின்றால் தப்பு. ஹிபினோ பென்சிலைச் சுவரில் வீசி எறிந்தார். பிறகு அவரே போய்ப் பொறுக்கிக்கொண்டு வந்தார். பென்சிலுக்கும் ரேஷன்.

பொறுக்கிய கையோடு வேறு ஒரு கணக்குப் போட்டார். கூடுதல் எடை எவ்வளவு என்பதை விட்டு, எங்கே இருக்கிறது என்று பார்த்தார். சக்கரங்களில் இருபத்திரண்டு, இருபத்திரண்டு. வாலில் பதினேழு. வகுத்தார். சக்கரத்திலிருந்து பின்னால் ஒன்றரை மீட்டர். நாடா வைத்து அளந்தார்.

நாடா விமானியின் இருக்கையில் போய் நின்றது.

இருக்கை காலி.

அப்போதுதான் கானியே தயங்கித் தயங்கி ஒன்று சொன்னார். அன்று காலை இருக்கையைக் கழற்றப் போனபோது இடுப்புப் பட்டை பூட்டியிருந்ததாம். அவிழ்த்து வைத்தாராம். இப்போது மறுபடி பூட்டியிருக்கிறதாம். இருக்கையும் உயர்ந்திருக்கிறது, கடைசிப் பல் வரைக்கும்... குள்ளமானவர்கள்தான் அப்படி உயர்த்திக்கொள்வார்கள்.

"நீங்க வெளையாடறீங்களா?" என்று ஹிபினோ சீறினார்.

"முப்பது வருஷமா இந்த வேலை பாக்கறேன். தராசுமேல நிக்கற வண்டியில வெளையாட மாட்டேன்," என்றார் கானியே. அந்தக் குரலில் கேலி இல்லை.

புதன். காலையிலிருந்து மழை. விமானம் தராசிலேயே நின்றது. ஹிபினோ இரவெல்லாம் கணக்குப் போட்டுக் கண் சிவந்து உட்கார்ந்திருந்தார். தகட்டைக் கழற்றும் ஸ்பானர்களைக் கானியே ஒரு துணியில் அடுக்கிவைத்தார்.

மணி 11.20. கொட்டகைக்குள் ஓகிட்சு நின்றார்.

விமானி உடை, தோல் தொப்பி, கழுத்தில் வெள்ளைத் துணி. நாளைதான் வருவதாக இருந்தது. ஹிபினோவுக்கு அவரைப் பார்த்ததும் சந்தோஷம் வரவில்லை, வெட்கம்தான் வந்தது.

"தகடு இருக்கா?"

"இருக்கு. ரெண்டு மணிக்குக் கழட்டணும். எடை கூடுது. ஏன்னு தெரியல. மூணு நாளா மண்டைய ஒடச்சிக்கறேன்."

"கழட்டாதீங்க."

"நான் என்ன செய்யட்டும்? முள் அப்படிக் காட்டுது."

ஓகிட்சு விமானத்தருகே போனார். மர ஏணியில் ஏறினார். அந்த ஏணி யார் ஏறினாலும் கிரீச்சென்று கத்தும்.

கத்தவில்லை.

உள்ளே உட்கார்ந்தார். ஹிபினோ பழக்கத்தில் முள்ளைப் பார்த்தார். ஆள் ஏறினால் முள் ஏற வேண்டும்.

முள் அசையவில்லை.

ஹிபினோவுக்கு முதலில் பயம் வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. தராசு சிக்கிக்கொண்டது என்று நினைத்து அதை ஒரு உதை உதைத்தார். முள் துடித்து, பழைய இடத்துக்கே வந்தது.

"லெப்டினன்ட், ஒரு தடவை எறங்கி ஏறுங்க."

இறங்கினார்... ஏறினார்.

2212. ஆள் இருந்தாலும் அதே எண். இல்லாவிட்டாலும் அதே எண்.

வெளியே மழை கொட்டியது. ஏணிப் படிகள் உலர்ந்திருந்தன. தரையிலும் ஈரக் காலடி இல்லை.

மூடிய கதவை அப்போதுதான் ஹிபினோ பார்த்தார். உள்ளிருந்து போட்ட குறுக்குக் கட்டை... போட்டபடியே இருந்தது.

மேலேயிருந்து ஓகிட்சுவின் குரல் வந்தது. களைத்த குரல்.

"அந்த அறுபத்தொண்ணு என்னோடது, ஹிபினோ-சான். அதைத் தகட்டு மேல போடாதீங்க."

ஹிபினோ அவரிடம் எண்ணைச் சொல்லவேயில்லை.

டிக்.

இடது முள் இறங்கியது.

டிக். வலது.

டிக்... வால்.

2151.

அண்ணாந்து பார்த்தார்.

இருக்கை காலி. பட்டை பூட்டியிருந்தது.

மணி 11.32.

கதவோரம் கானியே ஸ்பானரைப் பிடித்தபடி நின்றார். அவரும் பார்த்திருந்தார். துணியில் அடுக்கியிருந்த ஸ்பானர்களை எடுத்துப் பெட்டியில் போட்டுப் பூட்டினார்.

இரண்டு மணிக்குச் சுகிமோரி வந்தார். மூன்று முள்ளையும் தானே குனிந்து படித்தார். 2151. மூன்று நாளாகத் தராசு படிக்கத் தெரியாதவனை வைத்துக்கொண்டு தான் அல்லாடியதாகக் கடிந்துகொண்டு கையெழுத்துப் போட்டார். ஹிபினோ தலை குனிந்து மன்னிப்புக் கேட்டார். வாழ்க்கையில் ஒரு கிராம் தப்பாகப் படித்ததில்லை அவர். அந்த அவமானத்தை விழுங்கினார். தகடு விமானத்தில் இருந்தது.

மறுநாள் ஓகிட்சு வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. கனோயாவுக்குத் தொலைபேசி கிடைக்கவில்லை. ஐந்தாம் நாள் வேறொரு விமானி வந்தார். செனோ என்று பெயர், ஓகிட்சுவின் படைப்பிரிவு. ஹிபினோ கேட்பதற்கு முன்பே சொன்னார். நாலாம் தேதி திங்கட்கிழமை காலை தெற்கே போனவர்களில் லெப்டினன்ட் மட்டும்தான் திரும்பி வந்தாராம். ஒழுங்காகத் தரையிறங்கி, வழக்கமான இடத்தில் நிறுத்தி, இயந்திரத்தை அணைத்தாராம். ஆனால் இறங்கவில்லையாம். பழைய விமானம். முதுகுப் பக்கம் நாலு துளை.

அப்போது மணி என்ன என்று கானியே கேட்டார்.

"பத்துக்கு இருவது நிமிஷம் இருக்கும்."

ஹிபினோ திங்கட்கிழமை எடைத் தாளை எடுத்துப் பார்த்தார்: முதல் வரி, மணி 9.40. செனோ தேநீர்க் கோப்பையைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு, யாரிடமாவது சொல்லியே தீர வேண்டும் என்பதுபோல, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"ஒண்ணு சொன்னா நம்புவீங்களா? டாக்டர்கிட்ட சொன்னேன், நீ சரியா தூங்கலைன்னுட்டார். அவரை வெளியே எடுக்க நாலு பேர் போனோம். நான்தான் முதல்ல இறக்கைமேல ஏறிப் பட்டைய அவுத்தேன். மத்தவங்க ஏறவே வேண்டியிருக்கல..."

கோப்பையைக் கீழே வைத்தார்.

"ஒரு கையால தூக்கிட்டேன். உள்ளே ஆளே இல்லாத சட்டையத் தூக்கற மாதிரி இருந்துச்சு."