முப்பது பேருக்கு ஒரே நம்பர்

கல்வராயன் மலையில் டவர் கிடைக்க வேண்டுமானால் பாறைமேல் ஏறி நிற்க வேண்டும். இது தெரியாமலா எல்லாவற்றுக்கும் ஓடிபி கேட்கிறார்கள்? தெரியும். தெரிந்தேதான் கேட்கிறார்கள்.

இசைவாணி மலையடிவாரத்து வடக்கனந்தல்காரி. கரும்பு வெட்டும் கூலிக் குடும்பத்தில் பிறந்து, சமூகப்பணி படித்து, ஒரு தொண்டு நிறுவனத்தில் சேர்ந்தவள். மலை ஊர்களில் உதவித்தொகைக்கு விண்ணப்பம் போட்டுக் கொடுப்பது அவள் வேலை. போன் நம்பர் போடாவிட்டால் கம்ப்யூட்டர் அடுத்த பக்கத்துக்கு நகராது. போனே இல்லாதவர்கள் எங்கே போவார்கள்? முப்பது பேருக்குத் தன் நம்பரையே போட்டுவிட்டாள். பிழை என்றால் இதுதான் அவள் செய்த பிழை.

அவர்களில் ஒருவர் ராசு. கடுக்காய் பறிக்க மரமேறி விழுந்து, இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லாமல் போனவர். மாற்றுத்திறனாளி உதவித்தொகைதான் அவருக்குச் சோறும் மருந்தும். அது திடீரென்று நின்றுபோனது. ஒரே நம்பரில் இத்தனை பேர் இருந்தால் அது புரோக்கர் வேலையாம். கம்ப்யூட்டர் கண்டுபிடித்துவிட்டதாம்.

ராசுவைச் சக்கர நாற்காலியோடு ஜீப்பில் ஏற்றிக்கொண்டு கள்ளக்குறிச்சி கலெக்டர் ஆபீசுக்கு வந்தாள். உதவித்தொகை அதிகாரி அவரை ஏறிட்டும் பார்க்கவில்லை. ஆளுக்கு எவ்வளவு கமிஷன் என்று இவளைக் கேட்டார். ஜீப் வாடகையைக்கூடத் தன் கையிலிருந்து போட்டவள் அவள். தப்பு செய்தேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் ராசுவின் பணத்தை இன்றே விடுவிப்பதாகச் சொல்லி, ஒரு வெள்ளைத்தாளை நகர்த்தினார்.

போட்டால் வேலை போகும், பெயரும் கெடும். போடாவிட்டால் ராசுவுக்கு மருந்து இல்லை. அவள் பேனாவை எடுத்தாள்.

"போடாதம்மா," என்றார் ராசு. பிறகு அதிகாரியைப் பார்த்தார். "பணம் என்னுதுங்க. என்னக் கேளுங்க சார். எங்கிட்ட போன் இல்ல, நாந்தான் இந்தப் பொண்ணு நம்பரப் போடச் சொன்னேன். அது தப்புன்னா ஒங்க நம்பரக் குடுங்க, அதப் போட்டுக்கறேன்."

அந்த அறையில் எல்லார் மேசையிலும் போன் இருந்தது. அதிகாரி தன் போனை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். இசைவாணி பேனாவை மூடினாள்.

பணம் இன்னும் வரவில்லை. அவளும் கையெழுத்துப் போடவில்லை. திங்கட்கிழமைதோறும் கலெக்டர் மனு வாங்கும் நாளில் இருவரும் போய் வரிசையில் நிற்கிறார்கள். நாற்காலியைத் தள்ளுவது அவள். பேசுவது ராசு.